ரிலீவர் வரும் வரை

பகல் இரண்டு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் இருப்புக்கொள்ளாது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும், அங்கிருந்து வாசல் கதவுக்கு. கதவு சாத்தியிருந்தாலும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தால்தான் உட்கார முடியும். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. தேடிப் போக வேண்டிய ஆள் வீட்டில் யாரும் இல்லை. என் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை.

நான் நர்ஸ். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் இருந்தேன். சர்க்கரை, மூச்சிரைப்பு, இடுப்பெலும்பு முறிவு என்று வந்து படுப்பார்கள். நாலு நாள் கழித்துத்தான் மற்றது தெரியவரும். பெரியவருக்கு மகன் பெயர் மறந்துபோயிருக்கும், அல்லது அந்த அம்மாள் பல மாதமாக யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட வந்தவர்கள் இதையெல்லாம் நோய் என்று சொல்ல மாட்டார்கள். "வயசாயிச்சுல்ல சிஸ்டர்" என்பதோடு சரி. ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்ஸ், ஓர் ஆயாம்மா. மருந்து கொடுத்து, துணி மாற்றி, ஊசி போட்டு முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துவிடும். இந்த மாதிரி நோயாளிக்குப் பேச்சுதான் பாதி மருந்து என்று படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள் நாங்கள். பேசத்தான் ஆள் இல்லை.

அந்த வார்டில்தான் ஆய்வு தொடங்கியது. நர்சிங் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் நடத்தினார். எங்களுக்கு அவர் மேடம். மனநலம் குன்றிய முதியவர்களை ஒழுங்காகக் கவனிக்க ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும், இனி வரும் வருடங்களில் எத்தனை பேரைப் பழக்கி எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் கொடுப்பது அவர் திட்டம். கொடுத்தால் ஆள் போடுவார்களா என்று கேட்டேன். "கேட்காமல் எப்படிம்மா போடுவார்கள்?" என்றார். பதில் எனக்குப் பிடித்திருந்தது. உதவிக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கக் கூச்சப்படாதவள் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்களாம். எனக்கு வாய் நீளம் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

வாரத்தில் சில நாள், என் டியூட்டி முடிந்த பிறகு, வார்டின் ஒரு மூலையில் கடிகாரத்தோடு நிற்பேன். சோறு ஊட்ட எவ்வளவு நேரம், துணி மாற்ற எவ்வளவு நேரம், ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பேச எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "டைம்கீப்பர் வந்துட்டா, அல்லாரும் வேலை பாருங்க" என்று ஆயாம்மா கேலி செய்வாள். பேச்சு என்ற கட்டத்தில் எழுத அநேகமாக ஒன்றும் இருக்காது. பல நாள் ஒரு கோடு போட்டுவிட்டு வருவேன்.

மற்ற நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன முதியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. "வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா?" என்று தாளில் ஒரு கேள்வி இருந்தது. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் அதைக் கேட்டதும் உள்ளே திரும்பி மருமகளைப் பார்த்துவிட்டு, "இப்ப சொல்லணுமா, அப்பால சொல்லட்டுமா?" என்றார். இப்படிச் சிரித்துக்கொண்டே திரும்பிய நாட்களும் உண்டு.

எர்ணாவூரில் ஒரு வீடு வேறு மாதிரி. குடியிருப்பின் மாடியில் ஒற்றை அறை. கதவில் பூட்டுத் தொங்கியது. யாரும் இல்லை என்று திரும்பப் போனேன். உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, விட்டுவிட்டு. நான் பார்க்க வந்த பாட்டியின் மகள் மீன் வெட்டும் கம்பெனியில் வேலை முடிந்து வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். பூட்டி வைப்பது தப்பு, தீ கீ பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் என் வெள்ளை யூனிபாரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நீ வந்து குந்திக்க சிஸ்டர். நான் தொறந்து வச்சிட்டுப் போறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழி சொல்வது மாதிரி சொன்னாள்.

கேள்வித்தாளைப் பிரிக்காமலே படியிறங்கிவிட்டேன். அதற்குக் காரணம் என் வீட்டில் இருந்தது.

நைனா என்று நான் கூப்பிடுவது என் அப்பாவை. துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏணியில் ஏறி மேலே இரும்புக் கேபினில் உட்கார்ந்தால் ஷிப்டு முடியும்வரை இறங்க மாட்டார். டீ கூடக் கயிற்றில் கட்டித்தான் மேலே போகும். அங்கே அவர்களுக்குள் ஒரு கண்டிப்பு இருந்தது: அடுத்த ஷிப்டுக்காரர், அதாவது ரிலீவர், மேலே ஏறி வந்து சீட்டில் உட்கார்ந்தால்தான் முதல் ஆள் இறங்கலாம். மணி அடித்துவிட்டது என்று இறங்க முடியாது. பாரம் தொங்கும், கீழே ஆட்கள் நிற்பார்கள், சீட்டு காலியாக இருக்கக் கூடாது. ரிலீவர் வராவிட்டால் அதே ஆள்தான் அடுத்த ஷிப்டும். அம்மா நான் சின்னப்பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். ரிலீவர் வராத நாட்களில் பள்ளிவிட்டு வந்து தனியாக வாசலில் குந்தியிருப்பேன். நைனா அரக்கப்பரக்க ஓடிவருவார். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "சாப்ட்டியா?"

அவருக்கு மறதி வந்தது எங்களுக்கு உடனே தெரியவில்லை. ஒருநாள் டீக்கடைக்குப் போனவர் திரும்பி வரும்போது நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டாரும் பெரியவர் ஏதோ பேச வந்திருக்கிறார் என்று காபி கொடுத்து, சீரியல் முடிந்த பிறகுதான் கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் வார்டில் இந்தக் கதையை நான் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். இப்படித்தான் ஆரம்பிக்கும்.

நாள் முழுவதும் சாதுவாக இருப்பார். பகல் இரண்டு மணி நெருங்கினால்தான் பேஜாரு. உட்காருவார், எழுந்திருப்பார், வாசலை எட்டிப் பார்ப்பார். சட்டையைப் போடுவார், கழற்றுவார். "வரல... இன்னும் வரல" என்று முனகுவார். இந்த நோயில் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நைனாவுக்கு மத்தியானமே சாய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஷிப்டுக்கு வேலைக்குப் போகத்தான் துடிக்கிறார் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முடிவு. "நைனா, நீ ரிட்டையர் ஆயிட்ட. வேலைக்குப் போவ வேணாம்" என்று பொறுமையாகச் சொல்வேன். சொன்னால் இன்னும் கோபம் வரும். "அது எனக்குத் தெரியாதா? நீ குறுக்க நிக்காத" என்பார்.

பயமெல்லாம் வெளியே இருக்கும் சாலையை நினைத்துத்தான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் அங்கே வரிசையாக நிற்கும். முன்னால் இருப்பது எங்கே, பின்னால் இருப்பது எங்கே என்று தெரியாத வரிசை. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்து, துணி காயப்போட்டு, சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று எங்கோ கேட் திறக்கும், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நிற்பது அந்த உயரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நைனாவை வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போன எந்த நாளும் அந்த நினைப்பு இல்லாமல் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இருவரும் பேசி ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். நான் காலை என்றால் அவர் இரவு, நைனாவுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர். இருந்தும் சில நாள் இருவருக்கும் காலை ஷிப்டு விழும். அந்த நாட்களுக்கு எதிர்வீட்டு அக்கா. அவள் வீட்டுக்காரர் பாய், வண்ணாரப்பேட்டையில் தார்ப்பாய், கயிறு வியாபாரம். அக்கா தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் கதவைப் பார்த்தபடியே அரிசி புடைப்பாள். அவள் வீட்டில் போன் இருந்தது, ஆஸ்பத்திரி நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தாள். "நான் பாத்துக்கறேம்மா, உங்க அத்தா எங்க அத்தா மாதிரி" என்பாள். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. ஆனால் அவளுக்கும் தொழுகை இருக்கிறது, வீட்டுக்காரருக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. எத்தனை நேரம்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"வெளியே ஒரு தாப்பாள் போட்டுட்லாம். அக்கா பாக்க முடியாத ஒரு மணி நேரம்தானே" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எர்ணாவூர் வீட்டுக் கதவை உள்ளிருந்து தட்டிய சத்தம் காதில் கேட்டது. தாப்பாள் போட்டால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று கத்தினேன். அவர் பாவம், மனதில் கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை. "அப்ப இன்னாதான் பண்ணலாம்னு நீயே சொல்லு" என்றார்.

மேடத்திடம் ஒருநாள் கேட்டேன். வார்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுகிறோமே, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நாம் அளப்பது வார்டை மட்டும்தான்மா. வீடு தனி ஆய்வு. அதை யாராவது செய்ய வேண்டும்" என்றார். நியாயமாகத்தான் சொன்னார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காலை ஷிப்டு. அவர் ஷிப்டு ஒரு மணிக்கே முடியும், இரண்டு மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஏற்பாடு. வார்டில் படுக்கை எல்லாம் நிரம்பியிருந்தது. ஒரு பெரியவர் சலைன் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். இரண்டு மணி ஆனது. எனக்கு அடுத்து வர வேண்டிய பெண் வரவில்லை. அப்போதுதான் வார்டு போன் அடித்தது.

எதிர்வீட்டு அக்கா. மூச்சு வாங்கினாள். "அத்தா வூட்ல இல்லம்மா. தொழுதுட்டு வந்து பாத்தா கதவு தொறந்து கெடக்குது. தெருல ஆம்பளைங்க யாரும் இல்ல, அல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்க்கிறாங்க. உன் வூட்டுக்காரரும் இன்னும் வரல."

ஏன் வரவில்லை என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருடைய ரிலீவர் வந்திருக்க மாட்டார். மணலியில் ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டு அவர் வர முடியாது. இங்கே நானும் அதே நிலையில் நின்றேன். அடுத்த நர்ஸ் வந்து, ஒவ்வொரு படுக்கையாக அழைத்துப் போய் நோயாளியை அவளிடம் ஒப்படைத்தால்தான் நான் வெளியேறலாம். எங்கள் பாஷையில் ஓவர் கொடுப்பது. கொடுக்காமல் போனால் வார்டு அனாதை. போனைக் கையில் பிடித்தபடி வாசலைப் பார்த்தேன். "நீ போ சிஸ்டர், நான் பாத்துகினு கீறேன்" என்றாள் ஆயாம்மா. அவளை நம்பித் துணி மாற்றச் சொல்லலாம், சலைனை யார் பார்ப்பது? எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன், குழாயைச் சரிசெய்வேன், மறுபடி எட்டிப் பார்ப்பேன். நைனா வீட்டில் தினமும் இரண்டு மணிக்குச் செய்வதை அச்சாக அப்படியே நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். மூலக்கொத்தளத்தில் பஸ் நின்றுவிட்டதாம். படுக்கை படுக்கையாக ஓவர் கொடுத்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கொடுத்துவிட்டு யூனிபாரத்தோடு ஓடி ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

தெருமுனையில் அக்கா நின்றிருந்தாள். தலையில் போட்ட துணி நழுவியதுகூடத் தெரியாமல் என் கையைப் பிடித்து இழுத்தாள். "விரைவுச் சாலைப் பக்கம் போறத யாரோ பாத்துக்கிறாங்க." அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள்.

சாலையில் ஒரே ஹார்ன் சத்தம். வரிசை நகர ஆரம்பித்திருந்தது. நடுவில் ஒரு டிரெய்லர் மட்டும் நகரவில்லை, அதற்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தன. கூட்டம் கூடியிருந்தது. கடவுளே, அடியில் பார்க்கச் சொல்லாதே என்று நினைத்தபடி போனேன். கூட்டம் கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்தது.

நைனா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து, கையை ஸ்டியரிங்கில் வைத்து, கண்ணாடி வழியாகக் கீழே ஆட்களைக் கவனித்தபடி. கதவை உள்ளே பூட்டியிருந்தார். கண்ணாடி மட்டும் பாதி இறங்கியிருந்தது.

டிரைவர் நாமக்கல் பக்கத்து ஆள், நடுத்தர வயது. அடிக்கிற கோபத்தில் இருப்பார் என்று பயந்தேன். அவர் அழுகிற நிலையில் இருந்தார். "ஏனுங்கம்மா, உங்களுக்கு வேண்டியவருங்களா? டீ குடிக்கப் போனனுங்க. வந்து பாத்தா பெரியவரு ஏறி உக்காந்துட்டாருங்க. சாவி வண்டியிலயே கெடக்குதுங்க. தெரியாம திருகிட்டார்னா முன்னால நிக்கறவன் செத்தானுங்க. எறங்கச் சொன்னா, ஆளு வராம எறங்க மாட்டேங்கறாருங்க."

நான் படியில் ஏறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். "நைனா. நான்தான். கதவத் தொற."

என்னைப் பார்த்தார். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. "யார்ம்மா நீ?"

"உன் பொண்ணு நைனா."

"என் பொண்ணு வூட்ல கீது" என்றார். "தனியா வாசல்ல குந்திகினு இருக்கும். சாப்ட்டிச்சோ இன்னாவோ. நான் போவணும். மணி ரெண்டாயிடுச்சி, ரிலீவர் வர்ல. எவனோ வண்டிய அனாமத்தா வுட்டுட்டுப் பூட்டான். ஆளு இல்லாம வுட்டுட்டு நான் எப்டி எறங்குவேன்?"

படியில் நின்றபடி எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமும் வேலைக்குப் போகத் துடிக்கிறார் என்று நினைத்து, வேலை இல்லை வேலை இல்லை என்று சொல்லி அவரை அடக்கினோம். அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரத் துடித்திருக்கிறார். என்னிடம் வரத்தான். விடுவிக்க ஒரு ஆள் வராமல் தினமும் தவித்திருக்கிறார்.

பின்னால் ஹார்ன் விடாமல் அடித்தது. நைனாவின் கை சாவிப் பக்கம் போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வார்டில் பேசும் குரலில், "ரிலீவர் வந்துட்டேன் சார். ஓவர் குடுங்க" என்றேன்.

என் வெள்ளை உடையை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளையா போட்டுக்கிறாங்க?"

"ஆள் இல்ல சார். என்னப் போட்டுக்கிறாங்க."

"ஆளே போட மாட்டாங்க" என்றார் சலிப்பாக. "எப்பவும் இதே கததான்." கதவின் கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே நகர்ந்து இடம் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கத் தலை சுற்றியது. நைனா ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொன்னார். "பிரேக் லேசா வழுக்குது, ரெண்டு தபா அமுக்கு. காத்து வந்திச்சின்னா பாரத்தத் தூக்காத. கீய ஆளு கீறானான்னு பாத்துகினு அப்பால எறக்கு. அவசரப்படாத."

"சரி சார்."

"உன் ரிலீவர் வருவானா?"

"வருவாங்க."

"வராம எறங்கிடாத" என்றார். "நான் எறங்குனதே இல்ல."

பிறகு என்னைத் தாண்டி, கம்பியைப் பிடித்து, முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்தக் கால்களுக்குப் படி மறக்கவில்லை. கீழே அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "வா அத்தா, வூட்டுக்குப் போலாம்." அவளைவிட வேகமாக நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பெண் காத்திருக்கிறாள் அல்லவா.

நான் சீட்டிலேயே இருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்க வரவில்லை. எனக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள்? நாளைக்கு இரண்டு மணிக்கு? அடுத்த வெள்ளிக்கிழமைக்கு? டிரைவர் படியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"நான் வந்துட்டனுங்கம்மா" என்றார். "எறங்குங்க."

என் வீட்டுக்காரர் அன்று இரண்டாவது ஷிப்டையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தாப்பாள் பேச்சு அதோடு முடிந்தது. அவர் சம்பளம் வேண்டும், தொழிற்சாலை ஷிப்டைக் குறைக்காது. மிச்சம் இருந்தது நான்தான். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். என் கடைசி நாளன்றும் அடுத்த பெண் தாமதமாகத்தான் வந்தாள்.

மேடம் வருத்தப்பட்டார். அறிக்கை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. எங்கள் வார்டுக்கு இன்னும் எத்தனை நர்ஸ் வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. நான் போன பிறகு என் இடத்துக்கும் யாரையும் போடவில்லை. மேடம் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டித் திரும்ப டைப் செய்ய வேண்டியிருந்ததாம். அவரே ஒருநாள் போனில் சொன்னார். சிரிக்க நினைத்துத்தான் சொன்னார், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு தினமும் இரண்டு மணிக்கு நைனாவிடம் ஓவர் வாங்கினேன். வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்து, "ரிலீவர் வந்துட்டேன் சார்" என்பேன். பிரேக் வழுக்குவதைச் சொல்வார், காற்றைச் சொல்வார். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்திலிருந்து உள்ளறை வரை நடப்பார். அதுதான் வீட்டுக்குப் போகிற வழி. பாயில் படுத்துக்கொள்வார். முனகல் இல்லை, சட்டையைக் கழற்றி மாட்டும் கலவரம் இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிடுவேன். கண்ணை மூடியபடியே கேட்பார்.

"பொண்ணு சாப்ட்டிச்சா?"

"சாப்ட்டிச்சு" என்பேன். அநேகமாக அந்த நேரத்துக்கு நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்.